மூன்று பெயர், இரண்டு பதிவேடு

"பீச் கோப்ளரைக் காட்டிப் பிள்ளைங்கள வேலி தாண்ட வெச்சியே, உனக்கு வெக்கமா இல்லையா ஒடெஸ்ஸா?"

"வெக்கத்தப் பத்தி நீ பேசாதடி. முதுகுப்பையும் டேப்லட்டும் குடுத்து என் ஸ்கூலப் பாதி காலி பண்ணவ நீ."

"குடுத்தேன். வாங்கினவங்க யாராச்சும் திருப்பிக் கொண்டாந்தாங்களான்னு கேட்டுப் பாரு."

மவுண்ட் நீபோ தேவாலயத்தின் அடித்தளச் சமையலறையில், ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குக் கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்த நேரம் அது. மீனைத் திருப்பிப் போட வேண்டிய டீக்கன் ஹூப்பர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பிட்ட எல்லோருக்கும் ஒரு பக்கம் கருகிய மீன்தான் கிடைத்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. சண்டை அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒடெஸ்ஸா, ரோஷெல் இருவரும் பாடகர் குழுவின் சிவப்பு அங்கியை இன்னும் கழற்றவில்லை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தோளோடு தோள் உரச, சமாதானத்தைப் பற்றிப் பாடியிருந்தார்கள்.

ஒடெஸ்ஸா க்ரச்சரைத் தெரியாமல் டெட்ராய்ட்டின் கிழக்கே எங்கள் பன்னிரண்டு தெருக்களில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. டன்மோர் தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக வருகைப் பதிவேடு எழுதுகிறவள். ஒன்பது முதல்வர்களைப் பார்த்துவிட்டாள். மேலிடத்திலிருந்து சீர்திருத்தம் என்ற பெயரில் ஐந்து திட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய சுவரொட்டி வந்தது, அதை ஒட்டுவதற்கு டேப் மட்டும் வரவில்லை. டேப்பை ஒடெஸ்ஸா வீட்டிலிருந்து கொண்டுவந்தாள்.

ரோஷெல் டாப் அவளோடு அதே டன்மோரில் இரண்டாம் வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்தவள். பிறகு அங்கேயே சாப்பாட்டுக் கூடத்தில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன் ஆட்குறைப்பு என்று ஒரு கடிதம் வந்தபோது அவள் பால் பாக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தாள். மிச்சப் பாக்கெட்டுகளையும் அடுக்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள் என்பார்கள். அடுத்த வருஷம், டன்மோருக்குப் பின்னால் மூடிக்கிடந்த கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடத்தில் ஸ்டார்லேன் அகாடமி வந்தது. அரசாங்கப் பணத்தில் ஒரு கம்பெனி நடத்துகிற சார்ட்டர் பள்ளி. ரோஷெல் தட்டினால் எந்த வீட்டுக் கதவும் திறக்கும் என்பதை அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிற வேலை என்று ஊர் சொல்லும். அவள் சட்டையில் குத்திய பட்டையில் வேறு ஏதோ நீளமாக எழுதியிருந்தது.

இரண்டு பள்ளிகளுக்கும் நடுவில் ஒரு சந்தும் கம்பி வேலியும்தான்.

"நாலாம் வகுப்புப் பசங்களுக்குப் படிக்க வரலன்னு ஊருக்கே தெரியும்," என்றாள் ரோஷெல். "பாய்லர் ஓடாது. லைப்ரரி பூட்டிக் கெடக்கு. தாய்க்காரி என்ன செய்வா? நீங்க எல்லாத்தையும் சரி பண்ற வரைக்கும் பிள்ளைய வளராம நிறுத்தி வெச்சிருப்பாளா?"

"பூட்டினது யாருடி? ஒவ்வொரு பிள்ளையா நீ கூட்டிட்டுப் போனே. பின்னாலயே லைப்ரரி அம்மா போனாங்க, நர்ஸ் போனாங்க, பாட்டு டீச்சர் போனாங்க. பூட்ட வெச்சிட்டு, ஐயோ பூட்டியிருக்கேன்னு நீங்களே நோட்டீஸ் அடிக்கிறீங்க."

"அப்ப நான் செப்டம்பர் ஒம்பதாம் தேதி அனுப்பின கடுதாசி எங்க?"

ஒடெஸ்ஸா மீன் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் காகிதம் எங்கே என்ற கேள்விக்கு அவள் பதில் இல்லாமல் நின்றதை யாரும் பார்த்ததில்லை. அந்த இடைவெளியில் பாஸ்டரின் மனைவி, "சிஸ்டர்ஸ், மீன் கருகுது," என்றார். சண்டை அத்துடன் நின்றது. முடியவில்லை.

என்ன நடந்தது என்றால், அதற்கு முந்தின புதன்கிழமை எண்ணிக்கை நாள்.

எங்கள் பள்ளிக்கூடங்கள் கிறிஸ்துமஸுக்கு அடுத்தபடி கொண்டாடுகிற நாள் அக்டோபர் மாதத்து முதல் புதன்கிழமைதான். அன்று ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பள்ளிக்குத்தான் அந்தப் பிள்ளையின் பேரில் அரசாங்கப் பணம். அதனால் அன்று ஒரு நாள் எந்த வாத்தியாரும் திட்டமாட்டார். பீட்சா உண்டு, பலூன் உண்டு, குலுக்கலில் சைக்கிள் உண்டு. சளி பிடித்த பிள்ளையையும் போர்வையோடு அனுப்பச் சொல்லிப் போன் வரும். வியாழக்கிழமை காலை பலூன் சுருங்கியிருக்கும், வாத்தியார் பழையபடி ஆகியிருப்பார்.

டன்மோருக்கு இந்த வருஷம் அது கொண்டாட்டமாக இல்லை. எண்ணிக்கை இருநூற்று இருபதுக்குக் கீழே போனால் ஜூன் மாதத்தோடு பள்ளி மூடப்படும் என்று ஆகஸ்டிலேயே தாக்கீது வந்துவிட்டது. ஒடெஸ்ஸா பென்சிலால் எண்ணினாள், பேனாவால் எண்ணினாள், விரல் விட்டும் எண்ணினாள். இருநூற்றுப் பதினேழு. அந்த மூன்றுக்காக அவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க அடுப்படியில் நின்று எட்டுத் தட்டு பீச் பழக் கோப்ளர் சுட்டாள். கீழே பழம் பாகாகக் கொதித்து, மேலே மாவு பொன்னிறமாக வெடித்திருக்கிற அந்தப் பண்டத்துக்காக எங்கள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்களும் உண்டு என்று டீக்கன் ஹூப்பர் சொல்வார்.

ஸ்டார்லேனிலும் அன்று பீட்சா இருந்தது. ஆனால் கடைசி மணிக்குப் பிறகு, அதுவும் சீருடையில் குறை இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும். பெட்டவே வீட்டு இரட்டையர்கள் டாரியஸ், டெஷான் இருவருக்கும் கறுப்பு பெல்ட் இல்லை. அவர்களுடைய அக்கா இமானிக்குப் பத்து வயது. நியாயம் பார்க்கிற வயது. காலையில் ஸ்டார்லேனில் பெயர் கூப்பிட்டு முடிந்து, விளையாட விட்ட நேரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பழைய சிநேகிதி கோப்ளர் செய்தியைச் சொன்னாள். கம்பியில் எங்கே ஓட்டை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மூன்றும் ஸ்டார்லேனின் நீலச் சட்டையோடு டன்மோரின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததை ஒடெஸ்ஸா பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள். திருப்பி அனுப்பியிருக்கலாம். இமானிக்குத் தட்டின் மூலையிலிருந்து, மொறுமொறுப்பு அதிகமாக இருக்கிற துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். தாமதமாக வருகிறவர்களுக்காக என்று பத்தரை மணிக்கு வைத்திருந்த கணக்கெடுப்பில் மூன்று பெயருக்கும் நேராக வருகை போட்டாள். பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. ஏன் இருந்தன என்றால், பிள்ளைகள் இனி எங்களிடம் படிக்கிறார்கள், பெயரை நீக்கிக் கோப்பை அனுப்புங்கள் என்று ஸ்டார்லேன் அனுப்பிய கடிதம் அவளுடைய மேசையில் பெப்பர்மின்ட் ஜாடிக்கு அடியில் ஒரு மாதமாகக் கிடந்தது. தொலைந்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை மிட்டாய் எடுத்தபோதும் பார்த்தாள்.

மாலைவரை மூன்றும் டன்மோரிலேயே இருந்தன. இருநூற்று இருபது.

திங்கட்கிழமை தணிக்கைக்காரர் நேரில் வந்தார். கிளெமென்ட் யார்பரோ. பழுப்புத் தொப்பி, தோல் தேய்ந்த பை, மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம். இந்த விவரமெல்லாம் அவர் காரை நிறுத்துவதற்குள் எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒடெஸ்ஸா அவருக்கு முன்னால் இரண்டு பொருள்களை வைத்தாள்: பதிவேடு, குளிர்பெட்டியில் மிச்சமிருந்த கோப்ளர்.

"மிஸ் க்ரச்சர், இந்த மூணு பிள்ளைங்களும் ஒரே நாள்ல ரெண்டு கட்டடத்துல உக்காந்திருக்காங்க," என்றார் அவர், சாப்பிட்டுக்கொண்டே. "முப்பது வருஷமா இந்த வேல பாக்கறேன். ஒரு தடவ லிஸ்ட்ல ஒரு நாய்க்குட்டி பேரக்கூடப் பாத்திருக்கேன். இது எனக்குப் புதுசு."

"கால் வேகமான பிள்ளைங்க சார்."

"இருக்கட்டும். எனக்கு ஒரு எடத்துலதான் எழுத முடியும். பிள்ளைங்க எந்த ஸ்கூல்னு தாய்கிட்ட ஒரு காகிதம் வாங்குங்க. புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள. அந்தப் பக்கத்து அம்மாகிட்டயும் இதேதான் சொல்லிட்டு வந்தேன்." கரண்டியை வைத்தவர் தட்டைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

செவ்வாய்க்கிழமை டன்மோர் கட்டடத்தைச் சூடாக்குகிற பாய்லர் நின்றுபோனது. அக்டோபரிலேயே குளிர் எலும்பைத் தொட ஆரம்பித்திருந்ததால் பத்து மணிக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒடெஸ்ஸாவுக்கு அது வசதியாகப் போயிற்று. மதியம் இரண்டு மணிக்கு, சூடான கோப்ளரைத் தடித்த துணியில் சுற்றிக்கொண்டு ஜோலின் பெட்டவே வீட்டுக்கு நடந்தாள். வாசல் படியில் ரோஷெல் நின்றுகொண்டிருந்தாள். கையில் அலுமினியத் தட்டு. பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி.

"வாடியம்மா," என்றாள் ரோஷெல். "முதல்ல யார் மணி அடிக்கிறது?"

"உனக்குத்தான் கதவு தட்டிப் பழக்கம். தட்டு."

ஜோலின் கார் சீட் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவள். தூங்கும்போது தலையில் கட்டுகிற பட்டுத் துணியோடு வந்து கதவைத் திறந்தாள். இரண்டு பேரையும் பார்த்தாள். இரண்டு தட்டுகளையும் பார்த்தாள்.

"யாராச்சும் செத்துட்டாங்களா, சாப்பாட்டோட வந்திருக்கீங்க?"

"இல்லம்மா, சும்மா ஒரு பேச்சு..."

"உள்ள வாங்க. செருப்புச் சேறு பாத்து."

கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால், ஒரே கம்பளிக்குள், மூன்று தலைகள் வரிசையாக இருந்தன. இமானி, டாரியஸ், டெஷான். பகல் இரண்டு மணி, செவ்வாய்க்கிழமை.

ஒடெஸ்ஸா அப்படியே நின்றுவிட்டாள். ரோஷெல்லும்தான்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் ஜோலின். "மிஸ் ரோஷெல், உங்க ஸ்கூல்ல மூணு நாள் வராதேன்னுட்டாங்க. வேலி தாண்டினதுக்கு. சரி, பழைய ஸ்கூலுக்காச்சும் போங்கன்னு காலைல ஏழரைக்கு நானே கொண்டுபோய் விட்டேன். வந்து கண்ண மூடினேன். பத்தே காலுக்கு கதவத் தட்டுதுங்க. பாய்லர் இல்லையாம்." அவள் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். "இப்ப சொல்லுங்க. யாருக்கு என் பிள்ளைங்க வேணும்?"

ரோஷெல்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஜோலின், மூணு நாள்தான். அது ஒழுங்குக்காக. எங்க பசங்களோட கணக்கு மார்க்க நீயே பாத்திருக்க..."

"பாத்தேன். நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. பெல்ட் இல்லாத அன்னிக்கு மட்டும் சொல்லிக் குடுக்க மாட்டாங்க."

"டன்மோர்ல அப்படி ஒரு பிள்ளையத் திருப்பி அனுப்ப மாட்டோம்," என்றாள் ஒடெஸ்ஸா.

"அனுப்ப மாட்டீங்க மிஸ் ஒடெஸ்ஸா. டீச்சரும் இருக்க மாட்டாங்க. போன வருஷம் டெஷானுக்கு மார்ச் வரைக்கும் தினம் ஒரு ஆள். கடைசில வந்தது ஜிம் வாத்தியார். இமானிக்கு இது நாலாவது ஸ்கூல். ஒண்ண மூடினாங்க. ஒண்ணு வருஷ நடுவுல எடம் மாறிச்சு. கதவுல ஒட்டின காகிதத்தப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சது. ஒவ்வொரு தடவையும் உங்கள மாதிரி ஒருத்தங்க வந்து, இதுதான் பிள்ளைங்களுக்கு நல்லதும்பாங்க. சாப்பிட ஏதாச்சும் கொண்டுவருவாங்க." கண்ணைத் தேய்த்தாள். "எனக்கு ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடியுது. ரெண்டு மணி வரைக்கும் தூங்கணும். அந்நேரம் அதுங்க எங்கயாச்சும் கதகதன்னு உக்காந்து எதையாச்சும் படிக்கணும். நான் கேக்கறது அவ்வளவுதான். இது பெரிய ஆசையா?"

தொலைக்காட்சியில் ஒரு பூனை எதன்மேலோ மோதியது. டாரியஸ் மட்டும் சிரித்தான்.

"என்ன காகிதம் வேணும்?" என்று ஜோலினே கேட்டாள். இமானியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். மேலே ஒன்றும் எழுதாமல் ஒடெஸ்ஸாவிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதிக்குங்க. எங்க வேணும்னாலும் எழுதுங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும், நான் டன்மோர்ல படிச்சப்ப என் சர்ட்டிபிகேட்கூட நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. திங்கட்கிழமைலேர்ந்து பிள்ளைங்க பக்கத்து ஊரு வாரன்ல எங்கக்கா வீட்ல இருந்து போகும். அங்க ஸ்கூல்ல வெளியூர்ப் பிள்ளைங்களயும் சேத்துக்கறாங்களாம். நான் தூங்கப் போறேன். மக்ரோனிய அடுப்பு மேல வெச்சிருங்க."

வெளியே வந்ததும் ரோஷெல் அந்தத் தாளைப் பார்த்தாள். பிடுங்கினால் கிடைக்கிற தூரம்தான். பிடுங்கவில்லை.

"எழுதிக்கோ," என்றாள். "உங்க மூணு பேர் போச்சுன்னா உங்க கதவு மூடும். எங்க மூணு பேர் போச்சுன்னா அடுத்த வாரம் நான் வேற மூணு கதவத் தட்டுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப ஞாயித்துக்கிழம ஏன் அந்தக் கத்து கத்தின?"

"நீ அந்தக் கடுதாசிய ஒளிச்சு வெச்சதுக்கு. உன்னால அப்படிச் செய்ய முடியும்னு நான் நெனக்கல." ரோஷெல் மூக்கை உறிஞ்சினாள். "கால் வலிக்குதுடி. போறேன்."

ஒடெஸ்ஸா வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். வேலை என்னவோ சுலபம். என் மூன்று பிள்ளைகளும் டன்மோரில்தான் படிக்கிறார்கள். ஒரே வரி. அந்த வரி இருந்தால் இருநூற்று இருபது. அவளுக்கு இன்னும் ஒரு வருஷம், அடுப்படி அம்மாக்களுக்கு ஒரு வருஷம், இருநூற்றுப் பதினேழு பிள்ளைகளுக்கு வேறொரு கட்டடத்தைத் தேடி அலையாத ஒரு வருஷம்.

பேனாவைத் திறந்தாள். 'டன்மோரில்' என்று எழுதுவதற்கு முன் எந்த வகுப்பில் என்று எழுத வேண்டும். இரட்டையர்களுக்கு எந்த டீச்சர் என்று யோசித்தாள். யாரும் இல்லை. எண்ணிக்கை நாளன்று அவர்களை எந்த வகுப்பிலும் உட்காரவைக்க நாற்காலி இல்லை. மாலைவரை சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோப்ளர் மூன்று தடவை கொடுத்தாள். ஒரு புத்தகமாவது கொடுக்கத் தோன்றவில்லை. இன்று காலையிலும் பத்து மணிக்குப் பிள்ளைகள் வாசலில் வரிசையாக வெளியேறியபோது, யார் எந்த வீட்டுக்குப் போகிறது, கதவைத் திறக்க ஆள் இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு பெயராகக் கேட்டு அனுப்புவாள். இன்று கோப்ளர் மேல் கவனம்.

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பிறகு தன்னுடைய அழகான கையெழுத்தில் எழுதினாள்:

'எண்ணிக்கை நாளன்று என் பிள்ளைகள் இரண்டு பள்ளியிலும் இருந்தார்கள். இன்று இரண்டிலும் இல்லை.'

கீழே ஜோலினின் கையெழுத்து ஏற்கனவே இருந்தது.

மறுநாள் காலை ஜோலினை வாசலிலேயே பிடித்து வாசித்துக் காட்டினாள். ஜோலின், "அதான் நடந்தது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மதியம் யார்பரோவுக்கு முன்னால் அந்தத் தாளையும், ஜாடிக்கு அடியிலிருந்த கடிதத்தையும் சேர்த்து வைத்தாள். அவர் இரண்டையும் இரண்டு தடவை படித்தார்.

"இத நீங்க எனக்குக் காட்டியிருக்க வேண்டியதில்ல, மிஸ் க்ரச்சர்."

"தெரியும் சார்."

"இதுல ரெண்டு பக்கமும் எழுத முடியாது. உங்களுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல."

"அதுவும் தெரியும்."

அவர் பென்சிலால் இரண்டு பதிவேட்டிலும் மூன்று கோடு போட்டார். கோப்ளர் இருக்கிறதா என்று அன்று கேட்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவுவரை போய், திரும்பி வந்து, அவளுடைய வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கேட்டார். தணிக்கை சம்பந்தமாக என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

பிப்ரவரியில் பள்ளி வாரியம் கூடியது. டன்மோருக்காக ஏழு பேர் ஒலிபெருக்கியில் ஆளுக்கு இரண்டு நிமிஷம் பேசினார்கள். சார்ட்டர்காரர்களைத் திட்டினவர் உண்டு. டன்மோர் என்னத்தைக் கிழித்தது என்று கேட்ட அப்பாவும் உண்டு. இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல் கிடைத்தது. பிறகு வாரியத்தார் மூடுவதற்குக் கை தூக்கினார்கள். ஜூன் பதினான்காம் தேதி ஒடெஸ்ஸா பதிவேட்டை மூடி, மேசையைத் துடைத்து, டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டேப் அவளுடையதுதானே.

டன்மோர் பிள்ளைகளில் எண்பது பேர் ஸ்டார்லேனில் சேர்ந்தார்கள். ஸ்டார்லேனை நடத்திய கம்பெனி இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆகஸ்ட் மாதம், பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. ரோஷெல்லுக்கும் கதவில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அவள் அட்லான்டாவில் மகன் வீட்டுக்குக் குடிபோனாள். அங்கேயும் ஏதோ ஒரு பள்ளிக்காக வீடு வீடாகப் போய்த் தட்டுகிறாளாம். கால் வலி மட்டும் குறைந்திருக்கிறது என்கிறாள்.

ஒடெஸ்ஸா, ஸ்டார்லேன் மூடுவதற்கு முந்தின வசந்தத்தில் கிளெமென்ட் யார்பரோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். மவுண்ட் நீபோவில்தான். அட்லான்டாவுக்குப் போகுமுன் ரோஷெல் தனியாகப் பாடிய கடைசிப் பாட்டு அந்தக் கல்யாணத்தில். சுருதி கொஞ்சம் மேலே போய்விட்டது, அழுதாளா என்று தெரியவில்லை. அடித்தளத்தில் விருந்து. டீக்கன் ஹூப்பர் அன்று மீனைச் சரியாகத் திருப்பினார். எட்டுத் தட்டு கோப்ளர். மாப்பிள்ளை எத்தனை துண்டு சாப்பிட்டார் என்று எண்ணினவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தணிக்கைக்காரர் வீட்டு விஷயத்தை நாம் ஏன் எண்ண வேண்டும்.

ஜோலின் வாரனிலேயே அக்கா வீட்டு மாடியில் தங்கிவிட்டாள், பகல் வேலைக்கு மாறிக்கொண்டு. கல்யாணத்துக்கு வரவில்லை, ஒரு அட்டை அனுப்பியிருந்தாள். அதற்குள் இமானி ஒரு வரி எழுதியிருந்தாள். அவர்கள் பள்ளியில் எண்ணிக்கை நாளன்று டோனட் கொடுத்தார்களாம், இரட்டையர்களுக்கு ஆளுக்கு இரண்டு கிடைத்ததாம், ஆனால் அடுத்த வருஷம் பள்ளியை இன்னொன்றோடு இணைக்கப்போவதாக ஒரு காகிதம் வந்திருக்கிறதாம்.